மழைக்கு மாவட்டக் கணக்கு இருக்கு, வேலைக்கு எங்கே?

மாவட்ட இளைஞரணி, மாணவரணி நிர்வாகிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்களுக்காக முழுமையாகத் தருகிறோம். நேரம் எடுத்துப் படியுங்கள், உங்கள் பகுதித் தோழர்களோடு பகிருங்கள்.



இன்னைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு வேலையின்மை. இந்தத் தலைப்பில் சத்தமா பேசுறது ரொம்ப சுலபம். ரெண்டு எண்ணைச் சொல்லி, நாலு பேரைத் திட்டி, கைதட்டு வாங்கிட்டு இறங்கிடலாம். ஆனா நாளைக்கு டீக்கடையில ஒருத்தர் உங்களை மடக்கி "அந்த எண் எங்கிருந்து வந்தது தம்பி?"ன்னு கேட்டா, நீங்க பதில் சொல்லணும். அதனால இன்னைக்குக் கொஞ்சம் நிதானமா கணக்கு பேசுவோம்.

இன்னைக்குக் காலையில பேப்பர் பார்த்தீங்களா? மேட்டூர் அணை நீர்மட்டம் 120 அடியில எவ்வளவு இருக்குன்னு போட்டிருப்பாங்க. நேத்து எந்த ஊர்ல எத்தனை மில்லிமீட்டர் மழைன்னு ஊர் ஊரா போட்டிருப்பாங்க. தங்கம் பவுன் விலை, கோயம்பேட்டில் தக்காளி விலை எல்லாம் இருக்கும். சரி, போன மாசம் நம்ம மாவட்டத்தில் எத்தனை பேர் வேலை தேடியும் கிடைக்காம இருந்தாங்க? அந்த எண் எந்தப் பக்கத்தில் இருக்கு?

எந்தப் பக்கத்திலும் இல்லை. ஏன்னா அப்படி ஒரு எண்ணை யாரும் மாசா மாசம் வெளியிடுறதே இல்லை.

நம்மகிட்ட இருக்கிறது என்ன? மத்திய அரசின் தேசிய புள்ளியியல் அலுவலகம் 2017-18-ல் இருந்து தொழிலாளர் கணக்கெடுப்பு ஒன்றை நடத்திக்கிட்டு வருது. வீடு வீடா போய்க் கேட்கிற மாதிரிக் கணக்கெடுப்பு. அதன்படி 2023-24-ல் இந்தியா முழுக்க வேலையின்மை விகிதம் 3.2 சதவீதம். தமிழ்நாட்டில் 3.5 சதவீதம். கேரளாவில் 7.2. மத்தியப் பிரதேசத்தில் சுமார் 1. பீகாரில் ஏறக்குறைய 3.

இந்த வரிசையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பீகாரில் வேலையின்மை நம்மைவிடக் குறைவு. அப்படின்னா நம்ம பிள்ளைங்கதானே பாட்னாவுக்கு ரயில் ஏறணும்? மத்தியப் பிரதேசத்தில் வேலையின்மை கேரளாவில் இருக்கிறதில் ஏழில் ஒரு பங்கு. அப்படின்னா கொச்சியில இருந்து போபாலுக்குக் கூட்டம் அலைமோதணுமே? நடக்கிறது தலைகீழா இருக்கு. வடக்கே இருந்து வர்ற ரயில்ல உட்கார இடமில்லாம நின்னுகிட்டு வர்ற பையன் திருப்பூர்ல இறங்குறான், கோயம்புத்தூர்ல இறங்குறான், எர்ணாகுளத்தில் இறங்குறான்.

அப்ப எண் பொய்யா? எண் பொய் இல்லை. அது எதை அளக்குதுன்னு நாம தெரிஞ்சுக்கணும்.

வேலையின்மை விகிதம்னா மொத்த மக்கள்தொகையில் வேலை இல்லாதவங்க எத்தனை பேருங்கிற கணக்கு இல்லை. வேலை செய்றவங்களையும் வேலை தேடுறவங்களையும் சேர்த்தா வர்றதுதான் உழைப்புப் படை. அதுல வேலை தேடியும் கிடைக்காதவங்க நூற்றுக்கு எத்தனை பேரோ அதுதான் விகிதம். தேடித் தேடி அலுத்துப்போய் "இனி கிடைக்காது"ன்னு வீட்டில உட்கார்ந்துட்டவங்க இந்தக் கணக்கிலேயே வர மாட்டாங்க. பட்டம் வாங்கி, கல்யாணமாகி, குழந்தையைப் பார்த்துக்க ஆள் இல்லாம வேலை தேடுறதை நிறுத்தின நம்ம தங்கச்சியும் இதுல வர மாட்டாங்க.

சரி, வேலை செய்றவங்கன்னா யாரு? நான் சொன்ன ஆண்டுக் கணக்கில், வருஷத்தில் பெரும்பகுதி வேலையில்லாம இருந்தாலும் 30 நாள் ஏதாவது ஒரு வேலை பார்த்திருந்தா அவர் வேலையில் இருக்கிறவர். நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஒரு மாசம் மண்வெட்டி பிடிச்ச அக்கா, கணக்குப்படி வேலையில் இருக்கிறவங்க. வாராந்திரக் கணக்குன்னு இன்னொன்று இருக்கு. அதுல கடந்த 7 நாள்ல ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே போதும். அப்பாவின் மளிகைக் கடையில் சம்பளமில்லாம பொட்டலம் கட்டுற எம்.காம் படிச்ச பையனும் ரெண்டு கணக்கிலும் வேலையில் இருக்கிறவன்தான். இதெல்லாம் உலக அளவில் இருக்கிற வரையறைகளை ஒட்டியது, நம்ம ஊர்ல யாரோ சதி பண்ணி உண்டாக்கினது கிடையாது. ஆனா இதைத் தெரிஞ்சுக்காம எண்ணைப் பார்த்தா ஏமாந்து போவோம்.

இப்ப பீகார் ரகசியம் புரியுதா? ரொம்ப ஏழையா இருக்கிறவங்களால வேலையில்லாம இருக்க முடியாது. அன்னைக்கு உழைச்சாத்தான் அன்னைக்கு அடுப்பு எரியும். கிடைச்ச வேலை, கிடைச்ச கூலி. ஆனா அப்பா அம்மா கஷ்டப்பட்டுப் படிக்கவெச்ச பிள்ளை, படிப்புக்கேத்த வேலைக்காகக் காத்திருக்கு. அந்தக் காத்திருப்புதான் வேலையின்மைன்னு எண்ணா பதிவாகுது. நாடு முழுக்கவே அப்படித்தான். பள்ளிக்கூடம் போகாதவங்ககிட்ட வேலையின்மை ஒரு சதவீதத்துக்கும் கீழே, பட்டதாரிகள்கிட்ட பத்து சதவீதத்துக்கும் மேலே. 2023-24-ல் 15 முதல் 29 வயது வரையிலான இளைஞர்களிடம் மட்டும் பார்த்தா அகில இந்திய விகிதம் 10.2 சதவீதம். பொது விகிதத்தைப்போல மூணு மடங்கு.

அதனால விகிதம் குறைவா இருந்தா கொண்டாடவும் வேண்டாம், கூடினா உடனே அவமானம்னு நினைக்கவும் வேண்டாம். எந்த இடத்தில், எந்த வயசுல, எந்தப் படிப்புல, எந்த மாசத்தில்னு பிரிச்சுப் பார்க்கணும். அங்கேதான் மாவட்டக் கணக்கு வருது.

மாநிலத்தில் சராசரி மழை நல்லா பெஞ்சிருக்குன்னு வானிலை மையம் சொன்னா, ராமநாதபுரத்துக் கண்மாய் நிறைஞ்சிருச்சுன்னு அர்த்தமா? சென்னையில வெள்ளம் வந்த அதே வருஷம் கடலாடியில பயிர் காயலாம். மழையைப் பொறுத்தவரை இது நமக்குத் தெரியும். அதனாலதான் மழையை ஊர் வாரியா அளக்கிறோம். வேலையை மட்டும் ஏன் 38 மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே எண்ணில் அளக்கிறோம்?

திருப்பூரை எடுத்துக்குங்க. அங்கே வேலை ஆர்டரைப் பொறுத்தது. 2025 ஆகஸ்ட் கடைசியில அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமா உயர்த்தினப்ப, மொத்த மாநிலத்துக்கும் அந்த அடி ஒரே மாதிரி விழலை. பின்னலாடையை நம்பின ஊருக்குத்தான் முதல் அடி. ஆர்டர் குறைஞ்சா முதலாளி கம்பெனியை உடனே மூட மாட்டார். முதல்ல ஓவர்டைம் போகும், அப்புறம் நைட் ஷிப்ட் போகும், அப்புறம் வாரத்துக்கு நாலு நாள் வேலைன்னு ஆகும். பீஸ் ரேட்ல தைக்கிற அக்காவுக்குக் கூலி பாதியாயிடும். ஆனா வாரத்தில் ஒரு மணி நேரம் தைச்சாலும் கணக்கில் அவங்க வேலையில் இருக்கிறவங்க. மாநில எண் அசையவே அசையாது.

ராமநாதபுரம், நாகப்பட்டினம், தூத்துக்குடி கடற்கரையைப் பாருங்க. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில கட்டிக் கிடக்கும். படகுல போறவருக்கு மட்டுமா வேலை இல்லை? ஐஸ் உடைக்கிறவர், வலை பின்றவர், கூடை தூக்குற அம்மா, லோடு ஏத்துற தம்பி எல்லாருக்கும் அடி. மே மாசம் அந்த மாவட்டங்களில் தனியா அளந்தா ஒரு எண் வரும். வருஷம் முழுக்க சராசரி போட்டா அது காணாமப் போயிடும்.

டெல்டாவில் நடவுக்கும் அறுப்புக்கும்தான் ஆள் தேவை. இப்ப அறுப்புக்கு மிஷின் வந்தாச்சு, நடவுக்கும் மிஷின் வந்துகிட்டிருக்கு. சிவகாசியில தீபாவளி முடிஞ்சதும் பட்டாசு ஆலைகளில் வேலை குறைஞ்சுபோகும். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் போனா வேலை இருக்கு, ஆனா ட்ரெய்னி, அப்ரண்டிஸ், கான்ட்ராக்ட்னு பேர் மாத்தி மாத்தி ஓடுது. மூணு வருஷம் முடிஞ்சா அந்தப் பையன் மறுபடி புதுசா வேலை தேடணும். இதுக்கு நடுவில் நாம பெருமைப்பட வேண்டியதும் இருக்கு. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிற பெண்களில் பத்துல நாலு பேர் தமிழ்நாட்டில் இருக்காங்க. அந்தப் பெருமையும் எல்லா மாவட்டத்துக்கும் சமமா போய்ச் சேரலைங்கிறதுதான் என் கவலை.

கடைசியா ரெண்டு மாவட்டம் சொல்றேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு அதிகமா இருந்த மாவட்டம் கன்னியாகுமரி, 91.75 சதவீதம். கடைசியில இருந்தது தர்மபுரி, 68.54 சதவீதம். கன்னியாகுமரியில படிச்ச பிள்ளை வேலைக்குக் காத்திருக்கும், இல்லைன்னா வளைகுடாவுக்கு விசா தேடும். தர்மபுரியில கிராமத்துப் பிள்ளை பெங்களூரு பஸ் ஏறி கட்டட வேலைக்குப் போயிடும். ஒரு ஊர்ல பிரச்சினை வேலையின்மையா வெளியே தெரியுது. இன்னொரு ஊர்ல அதே பிரச்சினை பூட்டின வீடா, தாத்தா பாட்டிகிட்ட வளர்ற குழந்தையா ஒளிஞ்சு கிடக்கு. ரெண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தா எப்படி சரியாகும்?

"மாவட்டத்துக்கு மாவட்டம் மாசா மாசம் அளக்கிறதெல்லாம் நடக்கிற காரியமா?"ன்னு கேட்பாங்க. நடக்குது, தோழர்களே. அமெரிக்காவில் மாநிலத்துக்குக் கீழே கவுண்டின்னு ஒரு நிர்வாக அலகு இருக்கு, ஏறக்குறைய நம்ம மாவட்டம் மாதிரி. அப்படி 3,000-க்கும் மேலே இருக்கு. அத்தனைக்கும் அவங்க தொழிலாளர் புள்ளியியல் துறை மாதந்தோறும் வேலையின்மை விகிதம் வெளியிடுது. டெக்சாஸில் லவ்விங் கவுண்டின்னு ஒரு இடம். 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவங்க மொத்தம் 64 பேர். நம்ம ஊர்ல ஒரு கல்யாணப் பந்தியில முதல் வரிசைக்கே பத்தாது. அந்த 64 பேருக்கும் மாசாமாசம் ஒரு எண் வருது. நம்ம கோயம்புத்தூர் மாவட்டத்தில் 2011-லேயே 34 லட்சத்துக்கும் மேலே மக்கள். அவங்களுக்கு அந்த எண் இல்லை.

அந்த எண்கள் என்ன காட்டுது தெரியுமா? கலிபோர்னியான்னா நமக்கு கூகுள், ஆப்பிள்தான் ஞாபகம் வரும். சிலிக்கான் பள்ளத்தாக்குப் பக்கத்துக் கவுண்டிகளில் விகிதம் குறைவு. அதே மாநிலத்தில் மெக்சிகோ எல்லையோரம் இம்பீரியல்னு ஒரு கவுண்டி, விவசாயக் கூலிகள் நிறைஞ்ச இடம். பல வருஷமா அங்கே வேலையின்மை இரட்டை இலக்கம், மாநில சராசரியைப்போல பல மடங்கு. பணக்கார மாநிலத்துக்குள்ளேயும் இப்படி ஒரு பள்ளம் இருக்குன்னு உலகத்துக்கே தெரியுது. ஏன்னா அளந்திருக்காங்க.

அங்கே வேலையிழப்புக் காப்பீடு இருக்கு. வேலை போனவர் போய்ப் பதிவு பண்ணுவார். வீட்டுக் கணக்கெடுப்பு, அந்தப் பதிவு எல்லாத்தையும் சேர்த்து மதிப்பிடுறாங்க. நம்மகிட்ட அந்தக் காப்பீடு பரவலா இல்லை, ஒத்துக்கிறேன். ஆனா நமக்கும் வழி பிறந்திருக்கு. 2025 ஜனவரியில மத்திய அரசின் கணக்கெடுப்பை மாத்தி அமைச்சாங்க. முன்னாடி வருஷத்துக்கு 1,02,400 வீடுகள், இப்ப 2,72,304 வீடுகள். மாதிரி எடுக்கிறதுக்கு மாவட்டத்தையே அடிப்படை அலகா ஆக்கியிருக்காங்க. மாதாந்திர எண்ணும் வர ஆரம்பிச்சிருக்கு. ஆனா அது நாடு முழுக்கவுக்குமான எண். இதோட மாநில அரசும் தன் செலவில் கூடுதல் வீடுகளைச் சேர்த்து எடுத்தா, மாசத்துக்கு ஒருமுறை இல்லாட்டியும், மூணு மாசத்துக்கு ஒருமுறை 38 மாவட்டத்துக்கும் தனித்தனிக் கணக்கை நோக்கிப் போக முடியும். இது ராக்கெட் விடுற வேலை இல்லை. மனசு வெச்சா நடக்கும்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு இருக்கேன்னு சிலர் கேட்பாங்க. 2023-ல் அதுல 60 லட்சத்துக்கும் மேலே பேர் இருந்தாங்க. ஆனா வேலை கிடைச்சவரும் பேரை எடுக்கிறதில்லை, மூணு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தா வேலையில்லாதவர் பேரும் போயிடும். அதனால அந்தப் பட்டியல் கூடினாலும் குறைஞ்சாலும் நிலைமையைச் சரியா சொல்லாது. ஆனா ஒன்றைச் சொல்லும்: எத்தனை லட்சம் குடும்பம் ஒரு அரசு வேலைங்கிற நம்பிக்கையைக் கையில பிடிச்சுக்கிட்டிருக்குன்னு.

அந்த நம்பிக்கையின் அளவைத் தேர்வு மையத்தில் பார்க்கலாம். 2022 குரூப் 4 தேர்வுக்கு அறிவிச்ச இடங்கள் 7,301. விண்ணப்பிச்சவங்க சுமார் 22 லட்சம். ஒரு நாற்காலிக்கு 300 பேர். பத்தாம் வகுப்புத் தகுதி கேட்கிற தேர்வை இன்ஜினியரிங் முடிச்சவங்களும் முதுகலை முடிச்சவங்களும் எழுதுறாங்க. இன்னொன்று சொல்றேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செஞ்சு 5 வருஷம் காத்திருந்த ஏழைக் குடும்பத்துப் பட்டதாரிக்கு மாநில அரசின் உதவித்தொகை மாசம் 600 ரூபாய், மூணு வருஷத்துக்கு. ஒரு நாளைக்கு 20 ரூபாய். இன்டர்வியூவுக்கு டவுனுக்குப் போய்வர பஸ் டிக்கெட்டுக்கே அது காணாது.

அதனால நாம வைக்கிற கோரிக்கைகள் நாலு.

1. மூணு மாசத்துக்கு ஒருமுறை, மாவட்ட வாரியா வேலையின்மை விகிதம் வெளியிடணும். ஆண், பெண், இளைஞர், பட்டதாரின்னு பிரிச்சுத் தமிழில் வெளியிடணும்.

2. விகிதத்தோடு சேர்த்து வேலையின் தரத்தையும் சொல்லணும். மாதச் சம்பளம் எத்தனை பேர், தினக்கூலி எத்தனை பேர், சம்பளமில்லாம குடும்பத் தொழிலில் இருக்கிறவங்க எத்தனை பேர்னு தெரியணும்.

3. அரசுத் துறைகளில் காலியிடங்களை மாவட்ட வாரியா அறிவிக்கணும். தேர்வு எப்போ, முடிவு எப்போ, பணி ஆணை எப்போன்னு தேதி சொல்லி, அந்தத் தேதியைக் காப்பாத்தணும்.

4. வேலையில்லா இளைஞர் உதவித்தொகையை இன்றைய விலைவாசிக்கு ஏத்த மாதிரி உயர்த்தணும். 5 வருஷக் காத்திருப்பைக் குறைக்கணும்.

கோரிக்கை வெச்சாச்சுன்னு நாம வீட்டுக்குப் போயிடக் கூடாது. உங்களுக்கு ஒரு வேலை இருக்கு. ஒவ்வொரு கிளையிலும் ஒரு தெருவை எடுங்க. வீடு வீடா போய் அஞ்சே கேள்வி கேளுங்க. போன வாரம் எத்தனை நாள் வேலை இருந்தது? கையில வந்த கூலி எவ்வளவு? என்ன படிச்சிருக்கீங்க? வேலை தேடுறீங்களா, இல்லை தேடுறதை விட்டுட்டீங்களா? வீட்டில் யாராவது வெளியூர் போயிருக்காங்களா, எங்கே? பேர் எழுத வேண்டாம், போன் நம்பர் வாங்க வேண்டாம், எந்தக் கட்சின்னு கேட்கவே வேண்டாம். கிடைக்கிறதைக் கூட்டாம குறைக்காம எழுதுங்க. ஒரு தெருவை வெச்சு மாவட்டத்துக்கு விகிதம் சொல்ல முடியாது, அப்படி யாரும் சொல்லிடாதீங்க. ஆனா கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு மனு கொண்டுபோறப்ப, வெறுங்கையோட போறதுக்கும் இந்தத் தாளோட போறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

சமூக வலைதளத்தில் இருக்கிற தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். "வேலையின்மையில் முதலிடம்", "வேலைவாய்ப்பில் முதலிடம்"னு எதிர்த்தரப்பில் இருந்தும் கார்டு வரும், நம்ம பக்கத்தில் இருந்தும் வரும். எந்த வருஷம், எந்தக் கணக்கு, எந்த வயசுன்னு போடாத கார்டு எதையும் பகிராதீங்க. நம்ம கார்டா இருந்தாலும் பகிராதீங்க. ஒரு பொய் எண் பிடிபட்டா, நாம சொல்ற பத்து உண்மையும் செல்லாக் காசாயிடும்.

இன்னொன்று. ரயிலேறி வர்ற வடமாநிலத் தொழிலாளியை எதிரியாக்கி வேலையின்மைக்குத் தீர்வு தேடாதீங்க. அவன் வர்றதுக்கான காரணமும் தர்மபுரிப் பையன் பெங்களூரு போறதுக்கான காரணமும் ஒன்றுதான். சொந்த மண்ணுல சாப்பிடுற அளவுக்கு வேலை இல்லை. கேள்வி கேட்க வேண்டியது, குறைஞ்ச கூலிக்கு ஆள் கிடைச்சா போதும்னு சட்டக் கூலியைக் கொடுக்காம விடுறவங்ககிட்டேயும், அதைக் கண்டுக்காத அதிகாரத்துகிட்டேயும்.

தோழர்களே, அணையில் தண்ணி எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் எப்போ திறக்கலாம்னு முடிவு பண்ண முடியும். எந்த மாவட்டத்தில் எத்தனை பிள்ளைங்க காத்திருக்காங்கன்னு தெரியாம எந்தத் தொழிற்பேட்டையை எங்கே வைக்கிறது, எந்தப் பயிற்சியை எங்கே கொடுக்கிறது? அளக்காத பிரச்சினைக்கு யாரும் பொறுப்பேத்துக்க மாட்டாங்க. அதனால முதல்ல அளக்கச் சொல்லுவோம். அளந்த எண்ணை வெச்சுக் கேள்வி கேட்போம். பதில் வரும் வரை கேட்போம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு கிளையும் அந்தத் தெருக் கணக்கோடு வாங்க. காத்திருக்கிறேன்.

#எங்கள்_மாவட்டக்_கணக்கு_எங்கே #வேலை_எங்கள்_உரிமை